பாதிப் பழைய தண்ணீர்

பசியாவரத்துக் கோவிந்தம்மாவுக்கு உன் புருஷன் நீலமேகம் பத்தாவியாவிலிருந்து எழுதுவது. நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? நைனா சரியாகச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒல்லாந்து துரையின் தோட்டத்து மீன்குளம் என் பொறுப்பு. போன வாரம் ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. பாசி பிடித்ததென்று குளத்தை அநேகமாய் முழுக்க இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டேன். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. சந்தை மீனைப் பானையில் விடும்போது நீ சொல்வாயே, "பாதி பழைய தண்ணிய வுட்டுவையி, இல்லன்னா செத்துப்பூடும்"னு. அன்று சிரித்தேன். இறைத்த தண்ணீர் வாழைப் பாத்தியில் தேங்கியிருந்தது. அள்ளி அள்ளிக் குளத்திலேயே ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் மீன்கள் அடியில் இறங்கிவிட்டன. உன்னால்தான் என் வேலை தப்பியது, கோவிந்தம்மா.

கடிதம் வாங்கக் கப்பல்காரர் நிற்கிறார். இங்கே எனக்கு எல்லாமே புதுத் தண்ணீர்தான். நம்மூர் நெத்திலிக் கருவாடு ஒரு கை அனுப்பு.