கொள்ளைக்காரனுக்கு மச்சான் குரல்

ஞாயிறு, இரவு

மச்சான் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். எமனிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற ஆள்.

மலிவாக எடுத்த ஒரு பழைய கௌபாய் படத்திலிருந்து ஒரு காட்சியை வெட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் குரல் கொடுத்து யூடியூபில் போட்டிருந்தேன். கொள்ளைக்காரனைக் குதிரைமேல் உட்கார வைத்து மரத்தில் தூக்குப் போடுகிறார்கள். அவனுக்கு மச்சான் மாதிரியே பேசினேன். "ஏனுங்க, கவுறு இறுக்கமா இருக்குதுங்க. கொஞ்சம் தளத்தி உட்டீங்கன்னா சௌரியமா செத்துருவேனுங்க."

மதியம் விருந்துக்கு வந்த சொந்தம் பூராவும் இலை முன்னால் உட்கார்ந்தபடி டிவியில் பார்த்தது. அதிகம் சிரித்தவர் மச்சான்தான். இன்னொரு தடவை போடச் சொன்னார். பாதியில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க மாப்ள, அது நானுங்களா?"

"பின்ன வேற யாரு?" என்றேன். இல்லை என்றிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொல்ல ருசியாக இருந்தது.

சோற்றை அப்படியே விட்டு எழுந்து கை கழுவினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்றார். 'ங்க' இல்லை. எனக்குக் கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

இப்போது காட்சியை மறுபடி பார்த்தேன். குதிரை நகர்ந்ததும் அவன் பேச்சில்லாமல் தொங்குகிறான். அந்த இடத்தில் அந்த வெறும் "வாரேன்" கச்சிதமாக உட்காரும்.