மேனேஜர் முட்டும் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. உன்னிடம் போய்ப் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? அத்தானுக்குக் கால்வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன் பெரியவளுக்கு வேலை நிலையானதில் எனக்குச் சந்தோஷம், அவளிடம் சொல்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் ஒரு வாக்கியத்தை யாரும் முழுதாக முடித்ததில்லை. அதுவும் போக, போன் மணி அடித்தாலே மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்க்க ஓடிவிடுகிறான். என் மகனைத்தான் சொல்கிறேன். வாசலில் செருப்பு கொஞ்சம் கோணலாகக் கிடந்தால்கூட வந்து சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பான். ஆறு வயதில் அப்படி ஒரு கண்டிப்பு, அதனால் வீட்டில் அவன் மேனேஜர். நீ 'அந்தப் பையன்' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்தப் பெயர் உனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த மாத ஆரம்பத்தில் எனக்கு ஆபரேஷன். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதாம், இடது மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்களாம். அதன்பிறகு ஊசி மருந்து. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது, நெஞ்சில் எதுவும் இடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டில் இடிக்காமல் ஒரு பொழுதுகூடப் போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மேனேஜருக்குச் சத்தமும் தாங்காது, பழகியது மாறினாலும் தாங்காது. பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட்டாலோ, பள்ளி வேன் வழக்கமில்லாத தெருவில் திரும்பினாலோ போதும், அவனுக்குள் என்னவோ உடைந்துவிடும். கத்துவான், கையைக் கடித்துக்கொள்வான். அப்போது ஒரே வைத்தியம்தான். ஓடி வந்து தலையை என் நெஞ்சில் முட்டுவான், நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 'இறுக்கு' என்பான். அவனுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. இறுக்கினால் மெல்ல மெல்ல அடங்குவான். மூன்று வருடமாக முட்டுவது அந்த இடது பக்கம்தான். அங்கே எனக்கு எப்போதும் கன்றிப்போய்த்தான் இருக்கும்.

நான் ஏமாந்ததும் அங்கேதான். வலித்தது, அவன் முட்டியது என்று நினைத்தேன். தடித்தது, அதுவும் அவன் முட்டியதுதான் என்று தைலம் தேய்த்தேன். முதலில் பார்த்த டாக்டர் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, வீட்டுக்காரர் அடிக்கிறாரா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, என் பிள்ளை என்றேன். அவர் முகத்தில் வந்த பரிதாபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடிபட்ட வீக்கம்தான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். அவரும் ஏமாந்தார். அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டே ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்தவர்கள், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்கிறார்கள். வந்திருக்கலாம்தான்.

போன வாரம் நீ போனில், 'அவன் முட்டி முட்டித்தான்டி உனக்கு இப்படி ஆச்சு' என்றாய். நான் உடனே போனை வைத்துவிட்டேன், லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன், அக்கா. இடிபட்டு இந்த நோய் வராது என்று அடித்துச் சொன்னார். அவன் முட்டியதால் வரவில்லை, வந்தது தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இதை இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதே. பெரியவளிடம் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்.

'கொஞ்ச நாளைக்கு எங்கயாவது இல்லத்துல விட்டுடேன்' என்றும் சொன்னாய். உன் பேச்சைத் தட்டக் கூடாது என்று போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம், சுவரெல்லாம் பொம்மைப் படம். அங்கிருந்த அம்மா நல்லவராகத்தான் பேசினார், 'பயப்படாதீங்க, நாங்க புடிச்சுக்குவோம்' என்றார். எதால் பிடிப்பார்கள் என்று பார்த்தேன். நாற்காலிகளில் பெல்ட் இருந்தது. பிள்ளைகள் சத்தமே போடவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவள் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பாய். இவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர் மேல் தின்னர் வாசனை போகவே போகாது. அந்த வாசனை வந்தால் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆபரேஷன் தேதி தெரிந்த நாளிலிருந்து மனுஷன் வேலை முடிந்து வந்ததும் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறார். தோல் சிவந்துபோய் வருகிறார். வந்து மகன் பக்கத்தில் உட்காருகிறார், அவன் எழுந்துபோகிறான். 'நாளைக்கு இன்னும் நல்லா தேய்ச்சுக்கிறேன்' என்கிறார். வேறு வேலை தேடலாமே என்பாய். ஆஸ்பத்திரிச் செலவை வைத்துக்கொண்டு இப்போது எங்கே தேடுவது?

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது தையல். நான் வேலை பார்க்கும் தையல் கடையில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, வெட்டுத் துண்டும் பஞ்சும் அடைத்து, கனத்துக்கு உள்ளே தானியம் போட்டு, என் மேலுடம்பு அளவில் ஒரு பெரிய தலையணை தைத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, 'இது யாருக்கும்மா, எடுப்பா இருக்கே' என்று கிண்டல் செய்தார். எனக்குத்தான் என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து என் பழைய நைட்டியை அதற்கு மாட்டிச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேனேஜர் வந்தான். சுற்றிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு நைட்டியைத் தலையணையிலிருந்து உருவி எடுத்து, ஒழுங்காக மடித்து, என் மடியில் கொண்டுவந்து வைத்தான். ஏமாற்றுவதற்கு வேறு ஆளைப் பார் என்கிற மாதிரி இருந்தது. அன்று நான் அழுத அழுகையை நீ கேட்காமல் போனது நல்லது.

இனி, எழுதவே கூடாது என்று இருந்ததை எழுதுகிறேன். நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று, கூட்டமும் சத்தமுமாக இருந்தபோது, மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் உன் நெஞ்சில் முட்டினான். 'ஐயோ, உடுப்பு கசங்குது, யாராவது புடிங்க இவனை' என்று இரண்டு கையாலும் தள்ளினாய். பிறகு அடுப்படியில் என் காதோடு, 'வர்றவங்க என்ன நினைப்பாங்க, கொஞ்ச நேரம் மாடி ரூம்ல வச்சிரு' என்றாய். நீங்கள் எல்லோரும் கீழே சிரித்துப் பேசிச் சாப்பிட்டீர்கள். எனக்குத் தட்டு மேலே வந்தது. அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஆனால் அந்தக் கோபத்தில் ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. பெற்ற அப்பனிடம் போகாதவன், பள்ளியில் எந்த டீச்சரிடமும் போகாதவன், அன்றைக்கு உன்னிடம் தானாக வந்தான். நமக்கு ஒரே உடம்பு வாகு. என் அளவில் தைத்தது உனக்கு அப்படியே பொருந்தும், தையல்காரி சொல்கிறேன். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆகவே நீ வர வேண்டும். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வர வேண்டும். வந்ததும் அவனைக் கொஞ்சாதே, கூப்பிடாதே. என் நைட்டியைப் போட்டுக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார். அவனைப் பார்க்காமல் மெஷின் சுற்றுவதைப் பார். முதலில் சில நாள் வரவே மாட்டான். உனக்குப் பொறுமை போகும், வாயைத் திறக்காதே. வரும்போது பலமாகத்தான் முட்டுவான், வலிக்கும். அவன் மூச்சு சீராகும்வரை பிடியை விடாதே. உன்னிடம் கெஞ்சுவதாக நினைத்தாலும் பரவாயில்லை, கெஞ்சத்தான் செய்கிறேன்.

இன்னொன்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். தெரியாது என்றேன். பிறகு பஸ்ஸில் வரும்போது அம்மா ஞாபகம் வந்தது. கடைசி வருடம் இடது தோளில் எப்போதும் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருப்பாரே. நான் சின்னப் பிள்ளை, என்னை அறைக்குள் விடவில்லை. உன்னைத்தான் விட்டார்கள். அன்றைக்கு உனக்குப் போன் செய்து கேட்டேன், நீ விலைவாசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். சரி, இனிக் கேட்க மாட்டேன். நீ பயந்துபோயிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது.

அதனால் கிளம்புமுன் நீயும் போய்ப் பரிசோதனை செய்துகொள். தள்ளிப்போடாதே. அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. ஒன்றும் இல்லை என்று சொன்னால் மறுநாளே கிளம்பு. வேறு மாதிரி சொன்னாலும் வா, சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

உன் மேல் எனக்குள்ள கோபம் தீரவில்லை, தீரும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனாலும் நீ நூறு வயது இருக்க வேண்டும், அக்கா. அவனுக்கு இப்போது ஆறுதான் ஆகிறது.

உன் தங்கை