டிராகன் காசின் மை அடையாளம்

4 ஒக்டோபர் 2016, செவ்வாய். தூறல்.

காசு அசல். சொன்னவர்: பூர்ஸ் பங்குச்சந்தைப் பக்கத்து நாணய வியாபாரி, நேரில், இன்று காலை, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு. வெள்ளி. சீனாவில், குவாங்துங்கில், மன்னராட்சியின் கடைசிக் காலத்தில் அடித்தது. ஒரு பக்கம் சுருண்ட டிராகன், சுற்றிவர ஆங்கில எழுத்தில் எடை: 7 மேஸ் 2 காண்டரீன். காண்டரீன் நம் குன்றிமணிக்கு உறவுச் சொல்லாம். உறுதிப்படுத்தவில்லை.

காசுக்குச் சொந்தக்காரர் மதாம் லெயோனி, செவ்ரான் புறநகர். புதுச்சேரிக்காரர், இங்கே பிரெஞ்சுத் தபால் வேலையிலிருந்து ஓய்வு. தகப்பன் சைகோன் சுங்கத்தில் எழுத்தர். அவருடைய பொருள் என்று மகளிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். என் பத்திரிகைக் கட்டுரைக்காக நம்பிக் கொடுத்திருக்கிறார்.

வியாபாரி அசந்தது காசுக்கு அல்ல. டிராகனின் வயிற்றருகே மங்கலாய் ஒரு மைக் கறை. அந்தக் காலத்தில் மெக்சிக்கோ வெள்ளியும் சீன வெள்ளியும் கலந்து புழங்கின. காசுக்கடைக்காரர்கள் ஒவ்வொன்றையும் சோதித்துத் தங்கள் அடையாளத்தைப் பதித்தார்கள். இரும்பு அச்சால் குத்தியவை நிறையக் கிடைக்கின்றன. மையால் ஒற்றியவை அரிது, அழிந்துவிடும். "கழுவாதீர்கள். துடைக்கவும் வேண்டாம்." எந்தக் கடையின் அடையாளம் என்று படிக்கத் தெரிந்த ஒருவரை அறிவாராம். அவருக்கு அனுப்பப் படம் வேண்டும். "இப்போதே கைபேசியில் எடுங்கள்" என்றார். சனிக்கிழமை நல்ல கமெராவில் எடுக்கலாம் என்றேன்.

எங்கள் கட்டடத்தில் போன மாதம் களவு. யாரும் தேடாத இடம் என்று காசைச் சாமித்தட்டில் வைத்தேன், குங்குமச் சிமிழுக்குப் பின்னால்.

வாங்க: பால், பற்றரி, முருங்கைக்காய்.

7 ஒக்., வெள்ளி. வெயில், குளிர்.

மாலை ஆறரைக்கு வீடு. நவராத்திரி வெள்ளி. விளக்கு, சிமிழ், தட்டம் எல்லாம் பளபளப்பு. நடுவில் காசும்.

மனைவி: "இஞ்சை பாருங்கோப்பா, எப்பிடி மினுங்குது! ஆற்றை காசு?"

"ஒரு ஆள் தந்தது."

"கறுத்துப்போய்க் கிடந்தது. திருநீறு போட்டுத் தேய்ச்சும் ஒரு ஊத்தை போகேல்லை. பிறகு தேசிக்காய் விட்டனான். இப்ப புதுசு மாதிரி."

வெள்ளிச் சாமான் என்றால் திருநீறு. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். சாமித்தட்டில் வெள்ளியை வைத்தவன் நான். கழுவாதே என்று கேட்டு வந்தவனும் நான். அதை அவளிடம் சொல்லாதவனும் நான்.

"வடிவாயிருக்கு" என்றேன்.

டிராகனின் செதில் ஒவ்வொன்றாய்த் தெரிகிறது. கறை இருந்த இடம் வெறும் வெள்ளி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். வயிறு சரியில்லை என்றேன். வெந்தயத் தண்ணீர் தந்தாள்.

8 ஒக்., சனி. மழை.

மதாம் தொலைபேசியில்: "என்ன மிசியே, போட்டோ எடுத்தாச்சா? எங்கப்பா போட்டோல கூட அவ்ளோ அழகா இருக்க மாட்டார், அவர் காசாவது நல்லா விழட்டும்!" சிரித்தார்.

வெளிச்சம் போதவில்லை, இன்னும் எடுக்கவில்லை என்றேன். வெளிச்சம் போதவில்லை என்பது உண்மை. அதனால்தான் அதைச் சொன்னேன்.

ஃபொபூர் சேன்-தெனித் தெருத் தமிழ்க் கடையில் மரக்கறி. கடைக்காரர்: "என்னண்ணை, பத்திரிகைக்காரர் இண்டைக்கு ஒண்டும் விசாரிக்கேல்லை?" முருங்கைக்காய் வாங்க மறந்து வந்தேன்.

9 ஒக்., ஞாயிறு. மூட்டம்.

RER B ரயில். செவ்ரான். காசைத் துணியைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

மதாம் கண்ணாடி போட்டார். புரட்டினார். திரும்பப் புரட்டினார்.

"இது என்னுது இல்லியே."

உங்களுடையதுதான் என்றேன்.

"எங்க அது?" விரல் சரியாக அந்த இடத்தில். "அப்பா இங்கதான் காட்டுவார். சைகோன்ல, சொலோன் கடைக்காரன் என்னை நம்பி மையை ஒத்திக் குடுத்தான்ம்பார். அழிஞ்சிடும்னு நான் மேல கையே வச்சதில்ல. யாரு கழுவினது?"

"என்ரை மனிசி." உண்மை. சொன்ன கணத்திலேயே அதன் கேவலம் தெரிந்தது.

"அவங்களுக்குத் தெரியுமா, கழுவக் கூடாதுன்னு?"

"நான் சொல்லேல்லை."

"அப்பறம் ஏன் பொம்பள மேல போடறீங்க? அவங்ககிட்டயாவது சொன்னீங்களா, என்ன ஆச்சுன்னு?"

இல்லை.

"முதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. காசு உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு அத இப்பப் பாக்க முடியல."

காப்பி போட எழுந்தவர் உள்ளே போய் வரவில்லை. காசைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவை நானே சாத்தி வந்தேன்.

10 ஒக்., திங்கள். சரசுவதி பூசை. காற்று.

காலையில் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் கையில் பூச்சரம். கீழே வைத்தாள்.

"விளக்கோடை வைச்சால் நான் என்னெண்டு நினைக்கிறது? மூண்டு நாளாய்ப் பூசைக்கும் வைச்சுக் கும்பிட்டனான். வடிவாயிருக்கு எண்டியள்!"

"ஓம்."

"மதாமின்ரை நம்பரைத் தாங்கோ."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்பீக்கரில் நெடுநேரப் பேச்சு. இடையில் அழுகை, யாருடையது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு சிரிப்பு, இவளுடையது. வெளியே வந்து, "வியாபாரி என்ன சொல்லுறார் எண்டு கேக்க அவவும் வாறா" என்றாள். மதாம் என்னைப் பற்றிக் கேட்டாரா என்றேன். "இல்லை."

மத்தியானம் காசை வியாபாரியிடம் கொடுத்தேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டம். செதில்களின் இடுக்கில் மை மிஞ்சியிருந்தால் புற ஊதாக் கதிரில் தெரியலாம் என்கிறார். உறுதி இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார், பதில் வியாழன்.

கட்டுரையை நிறுத்திவைத்தேன்.

நிலுவை: சுவடு இருக்கிறதா, இல்லையா. வியாழன் பின்னேரம் மூன்று மணிக்கு, கடையில். பெண்கள் இருவரும் கார் து நோர் ரயில் நிலையத்தில் சந்தித்துப் போகிறார்களாம். நான் தனியாக வரலாமாம்.