படித்த வரிக்கெல்லாம் டிக்

என் மகாராணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நேற்று சர்க்கரை நோய் கிளினிக்கில், என் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும் தாளை நானே படித்தேன். முதியோர் எழுத்து வகுப்பில் செய்வதுபோல், படித்து முடித்த வரிக்கெல்லாம் டிக் போட்டேன்.

நர்ஸ் பதறிவிட்டாள். "தாத்தா, உலகத்துல இருக்கிற கஷ்டம் பூரா உங்களுக்குத்தானா?"

"இல்லம்மா, படிக்க வந்த வரிக்கெல்லாம் போட்டேன்."

சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டு அழித்தாள். 'காலை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது' என்ற வரி வந்தது. அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்றேன். செருப்பு கழன்று போவதுகூட எனக்குத் தெரிவதில்லை. உன்னிடம் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை கால் டாக்டர் பார்க்கிறார். மகளுக்குப் பிரசவ நேரம், அவளை விட்டுவிட்டு ஓடி வராதே. டாக்டர் எது சொன்னாலும் மறைக்காமல் அடுத்த வாரம் என் கையாலேயே எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்