என் வீட்டில் இருந்த உன் நம்பர்

கால்வே, அயர்லாந்து
2.2.2014

அன்புள்ள பிலோமினாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கை, கால், பெட்டியில் வைத்த மாங்காய் ஊறுகாய் எல்லாம் முழுசாக இருக்கின்றன. பேரன் முழித்திருக்கும் நேரமெல்லாம் அழுகிறான். ஜெய்மோனும் அந்த வயதில் இப்படித்தான். இப்போது பெரிய தகப்பனாகிவிட்டானாம், "அம்மா, குழந்தைய அப்படித் தூக்காதே" என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். குளிரைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் கை இன்னும் விறைக்கும்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜங்ஷன் மொபைல் கடையில் நாம் இரண்டு பேரும் அரை நாள் உட்கார்ந்து அந்தப் பையனின் பிராணனை வாங்கினோமே, அது வீண் போகவில்லை. விமானத்தில் என் பக்கத்தில் ஒரு திருச்சூர்க்காரி. ரோமிங் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இறங்கியதும் அவள் புருஷன் கூப்பிட்டு, தேங்காய் துருவி எங்கே இருக்கிறது என்று கேட்டான். அங்கிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே நிமிஷத்துக்கு ஒரு கிலோ மத்தி விலை. அவன் தேட வேண்டிய இடமெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கூடை மீன் போயிருக்கும்.

ஜெய்மோன் இங்கே எனக்கு ஒரு நம்பர் வாங்கித் தந்திருக்கிறான். அதையே ஜின்சியின் கல்யாண விளம்பரத்தில் போடலாம் என்றான், படித்த முட்டாள். நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டு நம்பருக்கு மிஸ்டு கால்கூட விட மாட்டார்கள், பெண் கேட்டா கூப்பிடுவார்கள்? ஆகவே நாம் முடிவுசெய்தபடியே இருக்கட்டும். ஒரு வருஷ வேலிடிட்டி போட்ட என் பழைய நம்பர், அந்தப் பழைய போனோடு உன் வீட்டில். தினமும் சார்ஜ் போடு. பேங்கிலிருந்து ரகசிய எண் வந்தால் எனக்கு அனுப்பு. விளம்பரம் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வருகிறது: கத்தோலிக்கப் பெண், 29, கல்லூரி ஆசிரியை, உள்ளூரில் அரசு வேலையிலுள்ள வரன் தேவை. கூப்பிடுகிறவர்களிடம் குடும்பம், பங்கு, வேலை எல்லாம் கேட்டு நோட்டில் எழுதி அனுப்பு.

உன்னை விட்டால் இதை யாரிடம் கொடுப்பேன்? என் தங்கையிடம் கொடுத்திருந்தால் முதல் நல்ல வரனைத் தன் நாத்தனார் மகளுக்குத் தள்ளிவிட்டிருப்பாள். ஜின்சி கோழிக்கோட்டு விடுதியில் தனியாக இருக்கிறாள், அவளுக்கு ஒரு வழி பிறந்தால்தான் எனக்குத் தூக்கம். பீனாவுக்கு என் முத்தம்.

உன்
ஏலிக்குட்டி


பாலா, கேரளா
19.2.2014

அன்புள்ள ஏலீ,

உன் போனை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பக்தியினால் இல்லை, பிளக் அங்கேதான் இருக்கிறது. "நமக்கு வருஷத்துக்கு நாலு கால் வருது, ஏலிக்குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு" என்று எங்கள் வீட்டுக்காரர் ஔசேப்பச்சனுக்குப் பொறாமை. நாலில் மூன்று கம்பெனிக்காரன். கிரிக்கெட் ஸ்கோர் வேணுமா, புதுப் பாட்டு வேணுமா என்று உயிரை எடுக்கிறான். முந்தாநாள் ஒருத்தி உன் ராசிக்குப் பலன் சொல்ல வந்தாள். "பொண்ணே, நாங்க வேதக்காரங்க, வை போனை" என்று அதட்டினேன். "அம்மா, அது ரெக்கார்டு" என்று பீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

விளம்பரம் பார்த்து ஐந்து அழைப்பு. கட்டப்பனையில் ஏலத்தோட்டக்காரன், வயது நாற்பத்திரண்டு. "நாப்பத்தொண்ணே இன்னும் முடியல" என்று அவன் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள். இன்னொன்று துபாய், ஜின்சிக்கு வெளிநாடு ஆகாதே, அதனால் விட்டேன். சீட்டுக் கம்பெனி நடத்துகிற ஒருவன், அவன் பேச்சே சரியில்லை. மற்ற இரண்டும் மிஸ்டு கால். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை.

விவரமெல்லாம் தனித் தாளில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்று பீனாதான் எழுதினாள்.

உன்
பிலோமினா


கால்வே
4.3.2014

அன்புள்ள பிலோ,

கடிதமும் தாளும் கிடைத்தன. பீனாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, சொல்லிவிடு. இன்றைக்கும் என்னால் அவளைப் போல் எழுத முடியாது.

அந்த மிஸ்டு கால்களை விட்டுவிடாதே, இன்னொரு தரம் கூப்பிடு. நேற்று ஜின்சி பேசினாள். "எவனுமே கூப்பிடலையா அம்மா? போனு வேலை செய்யுதா, இல்ல என்னைத்தான் யாருக்கும் வேண்டாமா?" என்று சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஆறு மாதத்துக்கான ரோமிங் திட்டம் ஒன்று இருக்கிறதாம். சிம்மை இங்கே வரவழைத்தால் எல்லா அழைப்பும் நேராக எனக்கே வரும், ஆனால் யானை விலை என்கிறான் ஜெய்மோன். உனக்குத் தொந்தரவாக இருக்கிறதா? கூச்சப்படாமல் சொல், மாற்றிவிடலாம்.

உன்
ஏலி


பாலா
21.3.2014

அன்புள்ள ஏலிக்குட்டிக்கு,

ரோமிங் எல்லாம் வேண்டாம். எனக்கு என்ன தொந்தரவு? போன் அதுபாட்டுக்கு இருக்கிறது. வீண் செலவு செய்யாதே.

ஒரு செய்தி. பீனாவுக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் அவருடைய தங்கை வழியாக. பையன் பெயர் ஷாஜன், காஞ்சிரப்பள்ளி. பேசி முடித்தாகிவிட்டது. நோன்பு முடிந்து ஈஸ்டருக்குப் பிறகு கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, மே 26இல் கல்யாணம்.

வெயில் அதிகம். எனக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை.

பிலோமினா


கால்வே
1.4.2014

என் தங்கமே பிலோ,

கள்ளி! இவ்வளவு பெரிய செய்தியை யாராவது பிரஷருக்கும் வெயிலுக்கும் நடுவில் நாலு வரியில் எழுதுவார்களா? படித்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே அழுதேன். மருமகள் பயந்துபோய்க் குழந்தையோடு ஓடிவந்தாள். பீனாவுக்கு முப்பத்திரண்டு வயதாகிறதே, பதினொரு பேர் வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போனார்களே, உனக்குள் எவ்வளவு குமைந்திருக்கும்! மாப்பிள்ளைக்கு என்ன வேலை, உயரம் எவ்வளவு, மாமியார் எப்படி, ஒன்றுமே எழுதவில்லை. உடனே எழுது.

ஜின்சியிடம் சொன்னேன், துள்ளிக் குதித்தாள். "பீனாச் சேச்சிக்கு நான்தான் தோழி, வேற எவளாவது நின்னா முடியப் பிடிச்சு இழுப்பேன்" என்கிறாள். மே 24 சனிக்கிழமை வருகிறாள். என்னால் வர முடியாதது வயிற்றெரிச்சல். என் பங்குக்கு, தாலி கட்டியதும் பீனாவுக்குப் போர்த்தும் மந்திரகோடிக்கு நான் ஒரு பட்டு எடுப்பதாக இருந்தேன், மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதானே முறை, அதனால் மறுவீட்டுப் புடவை என்னுடையது.

ஜின்சிக்கு வேறு அழைப்பு ஏதாவது வந்ததா?

உன்
ஏலி


பாலா
5.5.2014

ஏலீ,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

நேற்று கோவிலில் பீனாவின் கல்யாண ஓலையை இரண்டாம் தடவை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று ஃபாதர் படித்தபோது நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, பிரஷரா?" என்று பீனா என் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொண்டேன்.

ஷாஜனின் வரன் நாத்தனார் வழியாக வரவில்லை. உன் போனுக்கு வந்தது. பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. பீனா பேங்குக்குப் போயிருந்தாள். கூப்பிட்டது ஷாஜனின் அம்மா. பையன் கரண்ட் ஆபீசில் என்ஜினீயர், அரசு வேலை, ஒரே மகன், ஊரை விட்டு எங்கும் போக மாட்டான். நீ ஜெபத்தில் கேட்டது அப்படியே. "பேப்பர்ல பார்த்தோம், காலேஜ் டீச்சர் பொண்ணுதானே?" என்றார். நோட்டை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன். அப்புறம் என் வாய் சொல்லிவிட்டது, "அது நிச்சயமாயிடுச்சே" என்று.

பார், இப்போதும் வாய்மேல் பழி போடுகிறேன். நான்தான் சொன்னேன். அந்த அம்மா, "அடடா, ரெண்டே நாள்ல முடிஞ்சிடுச்சா" என்று வைக்கப் போனார். நான் வைக்க விடவில்லை. "என் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கா, பேங்க் வேலை, தங்கமான பொண்ணு" என்று குழைந்தேன். என் நம்பரைக் கொடுத்தேன். பிறகு உன் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன். அழிக்க எனக்குத் தெரியாது ஏலீ. பத்து நிமிஷம் பொத்தான் பொத்தானாக அமுக்கித் தேடி அழித்தேன். மனசு மாற அந்தப் பத்து நிமிஷம் போதும், எனக்கு மாறவில்லை.

நீ ரோமிங் போடட்டுமா என்று கேட்டபோது செலவுக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அம்மா மறுபடி உன் நம்பருக்கு அடித்து, நீ எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். உன் தங்கையை நம்பாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய்.

பீனாவுக்குத் தெரியாது. ஔசேப்பச்சனுக்கும் தெரியாது. பெற்ற வயிறு அப்படிச் செய்ய வைத்தது என்று ஒரு வரி எழுதிப் பிறகு அடித்திருக்கிறேன், மேலே மையாகத் தெரியும். என்னை நீ பார்க்காமல் இருக்கும்போதே எனக்கு முகம் சுடுகிறது.

இன்னும் ஒன்று. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் முடிந்திருக்கும். அது தெரிந்துதான் கடிதம் எழுதுகிறேன். இவ்வளவு கேவலமானவள் நான். நீ நிறுத்து என்றால் அப்போதும் நிறுத்துகிறேன்.

பிலோமினா


கால்வே
14.5.2014

பிலோமினா,

நேற்று வந்தது. மூன்று தடவை போனை எடுத்துவிட்டு வைத்தேன். எடுத்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது. ராத்திரி நாலு பக்கம் திட்டி எழுதினேன், உன் அம்மாவையும் விடவில்லை. காலையில் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். பீனா என்ன பாவம் செய்தாள்?

பீனா என் மகள் மாதிரி என்று முப்பது வருஷமாக வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் பதினொரு தடவை தட்டை ஏந்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கே என் போனை வைத்து, என் மகளுக்கு மாப்பிள்ளை பிடித்து எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அவள் கையாலேயே எழுதியும் அனுப்பினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று நான் பாராட்டு வேறு எழுதினேன். அதை நினைத்தால் எனக்குக் காது கூசுகிறது. ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லையே, பிலோமினா.

ஆனால் என் வெட்கத்தைக் காட்டி உன்னுடையதைக் கழித்துவிட முடியாது. நான் கணக்கு டீச்சர்.

ஜின்சியிடம் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. 24ஆம் தேதி காலை பஸ் இறங்குகிறாள். நீ சொல். நேரில், அவள் முகத்தைப் பார்த்து, கல்யாணத்துக்கு முன்னால். சொல்லாமல் அவளைப் பீனாவுக்குத் தோழியாக நிற்க வைத்தால் ஜென்மத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன். சொன்னால் மன்னிப்பேனா என்று கேட்காதே, தெரியவில்லை.

போனை அவளிடம் கொடுத்துவிடு. சிம்மை எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். யானை விலையானாலும் ரோமிங்கே போட்டுக்கொள்கிறேன்.

ஏலிக்குட்டி


பாலா
28.5.2014

ஏலீ,

சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, அவளைக் கீழே இறக்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஜின்சி பையைத் தோளில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பீனாச் சேச்சிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. எப்பவும் சொல்லிடாதீங்க."

ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அவங்க அம்மா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? எதனால கூப்பிட்டாங்களாம்?" அந்த அம்மாவும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டுக்கு ஒரு டீச்சர் மருமகள் வந்தால் பேச்சுத்துணை என்று ஆசைப்பட்டாராம், அதைச் சொன்னேன். தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறும்போதுதான் கண்ணைத் துடைத்தாள். ஏலீ, என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஜின்சிதான் தோழி. பீனாவின் முக்காட்டுக்கு ஊசி குத்தினாள், பூச்செண்டைப் பிடித்துக்கொண்டாள், ஷாஜனைக் கேலி செய்து சிரிக்க வைத்தாள். விருந்தில் ஷாஜனின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தத் தோழிப் பொண்ணு யாரு? லட்சணமா இருக்கே. கல்யாணமாயிடுச்சா?" என்றார். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இல்ல" என்றேன்.

"என்ன வேலை?"

"காலேஜ்ல டீச்சர்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அப்புறம் எழுந்து, கை கழுவப் போகிறேன் என்று போய்விட்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. என் மகள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

நேற்று ஜின்சி கிளம்பினாள். போனையும் சார்ஜரையும் பையில் வைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னைப் பிலோம்மா என்று கூப்பிட்ட பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நான் அவளுக்குப் பாடம் எடுத்த வருஷத்தில்கூட மற்றப் பிள்ளைகளைப் போல டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, மரியாதையாகக் கும்பிட்டு, "வர்றேன் டீச்சர்" என்றாள்.

பதில் போடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

பிலோமினா