உவரை எனக்குத் தெரியாது

மச்சான்,

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்து இதை எழுதுகிறேன். ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே அறைக்குள். மழை விட்டபாடில்லை. நனைந்த பையைக் கொட்டிக் காயப்போட்டபோது உன்னுடைய அந்த வீடியோ கசெற் நிலத்தில் விழுந்தது. என் மனைவிக்கு வந்ததே கோபம். "சனம் நகையையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கு. நீங்கள் உதைக் கொண்டு வந்திருக்கிறியள். போட்டுப் பாக்க டெக்கும் இல்லை, கரண்டும் இல்லை."

அவள் சொல்வது நியாயம்தான். ஆமி கிட்ட வருகுது என்று வலிகாமத்துச் சனம் முழுதும் ஒரேயடியாக எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? கை தன்பாட்டில் அலுமாரிக்குள் போனது. கசெற்றில் நீ நீலப் பேனாவால் 'குதிரைப் படம்' என்று எழுதி ஒட்டியிருந்தாய். மழையில் கரைந்து 'குதி' மட்டும் மிஞ்சியிருக்கிறது. நீ பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பகிடி விட்டிருப்பாய்.

படத்தின் உண்மையான பெயர் எங்களுக்குத் தெரியாது. பெயர் வரும் இடத்தில் ரேப் தேய்ந்து, திரை முழுக்கக் கோடுகள் ஓடும். நீ தெற்கில் ஒரு கடையில் வேலை செய்தவன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். போட்டிருந்த சேட்டோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினாய். வந்தவன் சும்மா இருந்தாயா? வெளிநாட்டிலிருந்து அத்தான் அனுப்பிய ரீவியையும் டெக்கையும் வைத்துக்கொண்டு, வாடகைக்கு ஒரு ஜெனரேற்றரும் பிடித்து, வீடு வீடாகப் படம் காட்டத் தொடங்கினாய். என்னையும் இழுத்துவிட்டாய். நீ சைக்கிள் மிதிக்க, பின்னால் காரியரில் நான் ரீவியைக் கட்டிப்பிடித்தபடி இருப்பேன்.

எல்லாரும் கேட்பது தமிழ்ப் படம்தான். ஆனாலும் கடைசியில் யாராவது ஒருவர், "அந்தக் குதிரைப் படத்தையும் ஒருக்கால் போடுங்கோவன்" என்பார். உன்னுடைய கதை சொல்லலுக்காகத்தான் கேட்டார்கள். வசனம் முழுக்க ஆங்கிலம். உனக்குத் தெரிந்ததோ கடை ஆங்கிலம். நீ விடுவாயா? "இப்ப ரெண்டு பேரும் கள்ளுத் தவறணைக்குள்ளை போகினம். அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்கோ, அவர்தான் உந்த ஊர் விதானையார், கள்ளரைப் பிடிக்கிறவர்." படத்தில் இரண்டு கள்ளர்கள். ஒருவன் நெடுவல், மற்றவன் கட்டை. ஒரு குதிரை செத்துப்போக, மற்றதில் இரண்டு பேரும் ஏறி ஓடுவார்கள். அப்போது முன்வரிசைப் பிள்ளைகள், ஒரு சைக்கிளில் இரண்டு பேர் போனால் சொல்வதுபோல, "டபிள்ஸ்! டபிள்ஸ்!" என்று கத்துவார்கள்.

அவர்கள் ஒருவரையொருவர் 'பாட்னர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில், பின்னால் இருந்த வயதான மனிதர் ஒருவர் கேட்டார்: "பாட்னர் எண்டு கூப்பிடுகினம், உவை என்ன கடை வைச்சிருக்கினம்?" அவர் கேட்டதில் என்ன பிழை? எங்கள் ஊரில் பாட்னர் என்றால் தெற்கில் கூட்டாகக் கடை வைத்திருப்பவர்கள்தானே. நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "கடை எரிஞ்சு போச்சு அப்பு. அதுதான் களவெடுக்க வெளிக்கிட்டிட்டினம்." முற்றம் முழுதும் சிரித்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் நீயும் பாட்னர் ஆனோம்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன். தமிழ்ப் படத்துக் கதாநாயகன் அடிப்பான், வெல்வான், கலியாணம் கட்டுவான். இவர்கள் ஓடுவார்கள், அவ்வளவுதான். ஓடுகிற ஓட்டத்திலும் ஒரு பிடி அவித்த கடலைக்குச் சண்டை பிடிப்பார்கள். துரத்துகிறவன் கிட்ட வர வரப் பகிடி கூடும். நல்லவர்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அவர்கள் தப்ப வேண்டும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்த வருடங்களில் எங்களுக்கும் வெல்வது பற்றிப் பெரிய எண்ணம் இருக்கவில்லை. பிடிபடாமல் வீடு வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

கடைசியில் நெடுவலைத் தவறணையில் வைத்துப் பிடிப்பார்கள். கட்டையன் பக்கத்திலேயே நிற்பான். தொப்பிக்காரர் அவனைக் காட்டி, இவன் யார் என்று கேட்பார். நெடுவல் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொல்வான். நீ அதை மொழிபெயர்ப்பாய்: "உவரை எனக்குத் தெரியாது." கட்டையன் மெதுவாக வெளியே நடப்பான். அதோடு படம் அறுந்து, திரையில் யாரோ ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீடு வரும். கசெற்றின் மிச்சத்தில் அதை எடுத்துத் தொலைத்திருந்தார்கள். பட்டுச் சேலைப் பெண்கள் ஆராத்தி எடுக்க, சனம் உன்னைத் திட்டும்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. "கூட்டாளியைத் தெரியாது எண்டு சொல்லுறவன் என்ன மனிசன்?" என்று கேட்டேன். "விசரா, அந்தப் படத்திலை அவன் சொன்ன ஒரேயொரு நல்ல சொல்லு அதுதான்" என்றாய். "அப்ப கட்டையன்?" "அவன் திரும்பி வருவான். கட்டாயம் வருவான்."

பிறகு அந்தக் காலை. ஆமிக்காரர் சுற்றிவளைத்து எங்களையெல்லாம் கோயில் வீதியில் குந்த வைத்தார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன். நாங்கள் வரிசையாக முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் முடிந்தான். உனக்கு முன்னால் தலை ஆடியது. ஏன் ஆடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. உனக்குப் பின்னால் நின்ற நான் என்னை அறியாமல் ஓர் அடி முன்னுக்கு வந்துவிட்டேன். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் அதைக் கண்டுவிட்டான். "இவன் உன்ர ஆள்தானே?" என்று உன்னைக் கேட்டான்.

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"உவரை எனக்குத் தெரியாது."

படம் காட்டும்போது சொல்கிற அதே குரல். என்னை 'உவன்' என்றும் 'விசரன்' என்றும் அதைவிட மோசமாகவும் அழைத்த வாய், அன்றைக்குத்தான் முதல்முறை மரியாதை கொடுத்தது. கூடப் படித்தவனை, ஒரே கோப்பையில் சோறு சாப்பிட்டவனை எவன் 'உவர்' என்பான்? ஆமிக்காரனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளங்கிய அந்த நேரத்தில் உன்னை ட்ரக்கில் ஏற்றிவிட்டார்கள்.

நான் வந்தேன், மச்சான். உன் அம்மாவைக் காரியரில் ஏற்றிக்கொண்டு அந்த முகாம் வாசலுக்கு வந்தேன். அங்கே காவலுக்கு நின்றவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். "யார் இது?" என்று கேட்டான். என்னைத் தன் பிள்ளைபோல ஏசி, பிட்டுக் குழைத்துத் தந்த மனுசி, என் பக்கம் திரும்பாமலே சொன்னா: "உவரை எனக்குத் தெரியாது ராசா. ரோட்டிலை ஏத்திக்கொண்டு வந்தவர்." நீ சொன்னதை நான் அவவுக்கு ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. பிறகு அவன் உன் பெயரைக் கேட்டான். உள்ளே போய் வந்தான். அப்படி ஒருவரையும் தங்களுக்குத் தெரியாது என்றான். நீயும் அம்மாவும் சொன்ன அதே சொல்தான், மச்சான். அவன் வாயில் அது உன்னைக் கொன்றது. திரும்பி வந்ததும் அம்மா வீட்டுப் படலையில் இறங்கி, "சாப்பிட்டிட்டுப் போ" என்றா. அதன் பிறகும் எத்தனையோ தரம் போனோம். ஒவ்வொரு தரமும் அவவுக்கு நான் ரோட்டில் ஏற்றிவந்த ஆள்தான். அவர்களுக்கு நீ இல்லாத ஆள்தான்.

இந்த முறையும் அவவைக் காரியரில் ஏற்றித்தான் பாலம் கடந்தேன். இப்போது என் மனைவியோடு ஒரே பாயில் படுக்கிறா. நேற்றுச் சோறு பகிர்ந்த பெண், உன் அம்மாவை எந்தக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று தெரியாமல், என்னைக் காட்டி அவவிடம் கேட்டாள்: "அம்மா, உவர் உங்களுக்கு ஆர்?"

பழைய பதில்தான் வரும் என்று நினைத்தேன்.

"என்ரை மகன்ரை பாட்னர்" என்றா.

"ஓ, என்ன கடை அம்மா வைச்சிருந்தவை?"

அம்மா என்னைப் பார்த்தா. "எரிஞ்சு போச்சு, தங்கச்சி" என்றேன். அந்தப் பெண் பாவப்பட்டு இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

கசெற்றைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அதில் முடிவு இல்லை என்று தெரியும். கட்டையன் திரும்பி வந்தானா என்று இனி எனக்குப் பார்க்கவும் வேண்டாம். கூட்டாளியைத் தேடித் திரும்பி வந்தவனை விடியவிடிய வாசலில் நிறுத்திவைத்து, அப்படி ஒருவன் இல்லை என்று சொல்லி அனுப்புகிற ஊரில் அவன் வந்தென்ன, வராமல் விட்டென்ன?

ஆனால் அன்று அந்த வரிசையில் உனக்குச் சொல்ல முடியாமல் போனது இன்னும் என் வாயில்தான் இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், மச்சான். ஆர் கேட்டாலும் தெரியும்.