அந்தோணியின் கண்ணாடியும் இரண்டு காலி சீட்டும்

ஜூலை 6, ஞாயிறு

கடும் வெயில். காற்று அசையவில்லை. லீவு நாள். குளிக்க வரிசை, துணி துவைத்தது, பருப்புக் குழம்பு.

மாலையில் அந்தோணியைப் பார்க்க அபுதாபி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்று முழுதாக எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இனி ஆஸ். என்று போடுகிறேன். எழுதுகிறவர்கள் இப்படிச் சுருக்குவார்களாம். நானும் இப்போது எழுதுகிறவன்தானே.

எங்கள் கேம்ப் இருக்கும் முசஃபாவிலிருந்து தனி டாக்ஸி நமக்குக் கட்டாது. மேல் கட்டில் துரை வழி சொன்னான். எழுதி வைத்துக்கொண்டேன்.

பஸ்: கார்டை மெஷினில் தட்டி ஏற வேண்டும். முன் சீட்டு பெண்களுக்கு. பின்னால் போய்விட வேண்டும். இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் கடைசி ஸ்டாப் வரைக்கும் காசு பிடித்துவிடும்.

கள்ள டாக்ஸி: யாருடைய சொந்தக் காரோ. நாலு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் பாதி நேரம். போலீஸ் கேட்டால் டிரைவர் நம் சொந்தக்காரன்.

"எப்படிச் சொந்தம்னு கேட்டா?"

"அவன் பெஷாவருக்காரன், நீ பெரம்பலூரு. போற வழியில யோசிச்சு வையி, பெருசு."

பஸ்ஸில்தான் போனேன். குளுகுளுவென்று ஏ.சி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு பெண் குரல் பெயர் சொல்கிறது, அரபியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டே போனேன். ஷாபியா. அப்புறம் பாலம். பஸ் குலுங்கியதில் ஷா ஒற்றைக் காலில் நிற்கிறது. இத்தனை வருஷம் இதே ரோட்டில் கம்பெனி வண்டியில் மூட்டை மாதிரி போயிருக்கிறேன். இன்று ஸ்டாப்புகள் எல்லாம் என் கையில்.

அந்த சந்தோஷத்தில் இறங்கும்போது கார்டைத் தட்ட மறந்தேன். கதவு மூடிய பிறகு ஞாபகம் வந்தது. பஸ் என் காசோடு போயேவிட்டது.

அந்தோணி மூன்றாவது மாடி. ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்தான். வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. குளச்சல்காரன், கடல் மாதிரி சத்தம் போடுகிறவன். ரூமில் என்னைப் பிடித்து உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அ, ஆ போட்டுக் கொடுத்தவன். "எழுதும் வே, ஒம்ம கையில இருக்கது பேனாவா, வெளக்கமாறா?" என்பான். ஒர்க்‌ஷாப்பில் பெருக்குகிற கை. விளக்கமாறு பிடிப்பது போலத்தான் பிடிப்பேன்.

அவனுடைய கண்ணாடி ரூமில் அவன் தலையணை அடியில் கிடந்தது. பத்திரப்படுத்தத்தான் எடுத்தேன். ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எழுந்து பக்கத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து எழுதும்போதெல்லாம் மூக்கில் அதுதான்.

இன்றும் போட்டுக்கொண்டுதான் போனேன். என்னைப் பார்த்ததும் பாதி வாயால் சிரித்தான். ஸ்டாப் பெயர்களை எல்லாம் படித்துக் காட்டினேன். தடுமாறிய இடத்தில் இடது கை விரலால் மெத்தையில் தட்டினான். மறுபடி படித்தேன். தலையாட்டினான். எனக்குப் பரீட்சை பாஸானது போல இருந்தது.

அப்புறம் அந்தக் கையைத் தூக்கி என் மூக்கில் இருந்த கண்ணாடியைத் தொட்டான்.

புரிந்தது. அங்கேயே கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். "நாளைக்கிக் கொண்டாந்து தரேன்யா. இன்னிக்கு நடந்ததெல்லாம் எழுதணும்ல" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். சரி என்று தலையாட்டினான்.

வெளியே வரும்போது நர்ஸ் ஜெசிந்தா கூடவே வந்தாள். அவளும் நாகர்கோவில் பக்கம்தான்.

"தாத்தா, அவிய கண்ணாடி கெடச்சுதா? பெஞ்சாதி டெய்லி போன்ல எழுதி அனுப்புதாவ. இவிய போனைக் கிட்ட வச்சுப் பாக்காவ, எட்ட வச்சுப் பாக்காவ, ஒண்ணும் தெரியல. நான் படிக்கட்டான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாவ. புருஷன் பெஞ்சாதி சமாச்சாரம்லா."

நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். ஓவர்டைம். இரண்டு லாரி, எண்ணெய் ஊறிய சாக்கு மூட்டைகள். ஆஸ். போக முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அரிசிச் சாக்கைப் படித்தேன். முழுசாக. ஈரம் படாத இடத்தில் வைக்கவும். சமையல்காரர் சிரித்தார். "சாக்கைக்கூட விட மாட்டியா பெருசு?"

மாலையில் ஜெசிந்தா போன் செய்தாள். அந்தோணிக்கு டிக்கெட் போட்டாயிற்று. நாளை ராத்திரி பிளைட், கூட ஒரு நர்ஸ் போகிறாள். ஏழரைக்கெல்லாம் ஆம்புலன்ஸ் வந்துவிடும். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள் தாத்தா என்றாள்.

ஊருக்குப் போகிறான். நல்லதுதான். இனி வர மாட்டான். அவன் கட்டிலில் இப்போதே யாரோ ஹெல்மெட்டை வைத்திருக்கிறார்கள். எடுத்துக் கீழே வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம். வெளி வேலைக்கு மூன்று மணி வரை ஓய்வு. சூப்பர்வைசரிடம் கெஞ்சி அரை மணி முன்னால் போகக் கேட்டேன். "யல்லா, போ. ஆனா நாளைக்குச் சேத்துப் பெருக்கணும்" என்றார். நல்ல மனுஷன்.

கண்ணாடியில் விரல் ரேகை. சோப்பு போட்டுக் கழுவினேன். இந்தப் பக்கம்தான் இதைப் போட்டுக்கொண்டு எழுதுகிற கடைசிப் பக்கம். முடிந்ததும் கண்ணாடி டப்பாவில். எனக்கு வேறு வாங்க வேண்டும், சம்பளம் வந்த பிறகு.

எழுத்து இன்று அழகாக வருகிறது. நிறுத்த மனசில்லை. நிறுத்துகிறேன்.

ஜூலை 9, புதன்

நேற்று எழுதவில்லை. இன்று மத்தியான ஓய்வில் எழுதுகிறேன். மணல் காற்று, வானம் சாக்கு நிறம்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அந்தோணி அப்படித்தான் சொல்வான்.

பஸ் வந்தது. கார்டைத் தட்டினேன். சிவப்பு விளக்கு, குரங்கு கத்துவது போல ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமை தட்டாமல் இறங்கியதிலும் திரும்பி வந்ததிலும் காசு கரைந்துவிட்டது. டிரைவர் ஒரு பட்டான், பாகிஸ்தான்காரன். "மாஃபி, சாச்சா. மாஃபி பேலன்ஸ்." மாஃபி என்றால் இல்லை. காசு நீட்டினேன். கையில் வாங்க மாட்டானாம். காசு போடுகிற மெஷின் பெரிய ஸ்டாண்டில் இருக்கிறது என்று கையைக் காட்டினான். அங்கே போகத்தானே இந்த பஸ். இறக்கிவிட்டான்.

கள்ள டாக்ஸி நிற்கிற இடம் மெஸ்ஸுக்குப் பின்னால். வெள்ளை வண்டி. டிரைவர் சாதிக், ராமநாதபுரம்காரர், பெரியவர்களை அத்தா என்பார். பெஷாவர் உறவு யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. உள்ளே ஒரு வங்காளிக் கொத்தனார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கத்தா. இன்னும் ரெண்டே ஆளு, கெளம்பிரலாம்."

"அவசரம் தம்பி. ஆஸ்பத்திரி."

"அவசரம்னா அந்த ரெண்டு சீட்டுக் காசையும் நீங்களே குடுத்துருங்க. இப்பவே பறந்துரலாம்."

பையில் பணம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். கொடுக்க மனசு வரவில்லை. காலி சீட்டுக்கு யாராவது காசு கொடுப்பார்களா? இந்த ஊரில் இத்தனை வருஷம் ஒரு தண்ணீர் பாட்டில்கூட யோசித்துத்தான் வாங்கியிருக்கிறேன். இதோ வருவார்கள் என்று தோன்றியது. டியூட்டி முடிகிற நேரம், ரோடெல்லாம் ஆள்.

"வரட்டும் தம்பி" என்றேன்.

"ஒங்க இஷ்டம். பெறகு என்னைய வையக் கூடாது."

ஒருவன் வந்தான், ஏறினான். இன்னும் ஒரு சீட்டு. சாதிக் வெளியே நின்று "சிட்டி, சிட்டி" என்று கூவினார். யாரும் வரவில்லை. சீட்டுப் பையில் பழைய தமிழ்ப் பேப்பர் ஒன்று, பாதி கிழிந்தது. டப்பாவைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கடைசியாக ஒரு தடவை. கிணற்றில் விழுந்த பசுமாட்டை மீட்ட செய்தி. எழுத்துக் கூட்டிப் படித்தேன், சிரமமில்லாமல் ஓடியது. பசு பிழைத்ததா என்பது கிழிந்த பக்கத்தில். அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்பது மறந்துபோயிற்று. சந்தோஷமாக இருந்தேன்.

"அத்தா, அவசரம்னியளே?" என்று சாதிக்தான் கேட்டார். வெளியே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

அப்போது அந்த ஒரு சீட்டுக் காசைக் கொடுத்தேன். பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. வாசலில் இறங்கி ஓடினேன், இந்த வயதில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. மூன்றாவது மாடி. ஒரு ஆள் மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"இப்பத்தான் தாத்தா. லிப்ட் எறங்கி ரொம்ப நேரம் ஆவல. நீங்க வருவியன்னு வாசலையே பாத்துட்டு இருந்தாவ. ஸ்ட்ரெச்சர்ல வச்ச பெறவும் தலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ."

"ஏர்போர்ட்டுக்குப் போனா?"

"உள்ள விட மாட்டாவ."

டப்பாவை அவளிடம் நீட்டினேன். அவள் என்ன செய்வாள்? திருப்பி என் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

கார்டில் காசு போட்டு பஸ்ஸில் திரும்பினேன். அந்தப் பெண் குரல் ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தது. எதையும் எழுதவில்லை. இறங்கும்போது மறக்காமல் தட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில் பழையபடி. அந்தோணி கட்டிலுக்கு நேபாளத்து ஆள் வந்துவிட்டான். நல்ல பையன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டான்.

துரை சொன்னான்: "அடுத்த மாசம் நம்ம ஆளு ஒருத்தன் லீவுல போறான், குடுத்து விட்ரலாம். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத பெருசு. கண்ணாடிதானே."

கண்ணாடிதான்.

மாலையில் என் போனுக்கு மெசேஜ். அந்தோணி வீட்டம்மா. தமிழில். துரையைக் கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மெதுவாக, விரல் வைத்துப் படித்தேன்.

அண்ணே, நல்லபடியா வந்து சேந்தாங்க. நான் அனுப்புனத எல்லாம் படிச்சீங்களான்னு கேட்டேன். கையை விரிச்சாங்க. அவுங்க கண்ணாடி ரூம்ல இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி பரவாயில்ல, இங்க வாங்கிக்கிடுதோம். நீங்க நல்லா எழுதுதீங்களான்னு கையால எழுதிக் காட்டிக் கேக்காங்க.

என் பெயருக்கு வந்த முதல் கடுதாசி. யாரையும் கேட்காமல் கடைசி வரை படித்துவிட்டேன். ஒரு எழுத்தும் மங்கலாக இல்லை.